காதால் பார்க்கும் படம்



முடிவைப் பெயரிலேயே சொல்லிவிடும் படத்தை எதற்காகப் பார்க்க வேண்டும்? 1956-இல் ரொபேர் பிரெஸ்ஸோன் இயக்கிய பிரெஞ்சுப் படத்தின் பெயர் 'மரண தண்டனைக் கைதி ஒருவன் தப்பிவிட்டான்'. தப்புவானா மாட்டானா என்ற பதைப்புக்கு அங்கே இடமில்லை. எப்படித் தப்பினான் என்பதுதான் மிச்சம். அந்த 'எப்படி'யைப் பெரும்பாலும் அவர் நம் காதிடம்தான் சொல்கிறார். வானொலியில் ஒரு சினிமாவைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் வந்ததும் அதனால்தான்.

கதை நடந்த கதை. ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலம். எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஆந்த்ரே தெவிஞி என்ற ராணுவ அதிகாரி, லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து 1943 ஆகஸ்டில் தப்பினார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளே படத்துக்கு அடிப்படை. பிரெஸ்ஸோனும் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாக இருந்தவர். படத்தின் ஒரு பகுதியை அதே சிறையில் எடுத்தார். தெவிஞி ஆலோசகராகக் கூடவே இருந்தார். படத்தில் நாயகனின் பெயர் ஃபோந்தேன்.

முதல் காட்சியைச் சொல்கிறேன். கைதியைக் காரில் கொண்டுபோகிறார்கள். அவன் கை மெல்லக் கதவுப் பிடியைத் தடவிப் பார்க்கிறது. வண்டி வேகம் குறைந்ததும் குதித்து ஓடுகிறான். வேறு யாராக இருந்தாலும் கேமரா பின்னாலேயே ஓடியிருக்கும். பிரெஸ்ஸோனின் கேமரா காரை விட்டு இறங்கவில்லை. காலி இருக்கையைப் பார்க்கிறோம். வெளியே காலடிச் சத்தம், துப்பாக்கி வெடிக்கும் சத்தம். சற்று நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து அதே இருக்கையில் தள்ளுகிறார்கள்.

சிறைக்குள் போனதும் காதுக்கு வேலை கூடுகிறது. காவலாளி படியிறங்கும்போது மாடிப்படிக் கம்பிகளில் சாவியை உரசிக்கொண்டே வருவான். அந்த ஓசையை வைத்தே ஆபத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். சுவரில் தட்டுவது பக்கத்து அறைக்காரனின் பேச்சு. ஃபோந்தேன் ஒரு இரும்புக் கரண்டியின் காம்பைச் சிமென்ட் தரையில் தேய்த்து உளியாக்கி, ஓக் மரக் கதவின் பலகைப் பொருத்துகளைச் சுரண்டுகிறான். சுரண்டும் சத்தம் நின்றால் நமக்கும் மூச்சு நிற்கிறது. உதிர்ந்த சிராய்களைக் கவனமாகக் கூட்டி எடுக்கிறான். கட்டில் கம்பியையும் கிழித்த துணியையும் சேர்த்து முறுக்கிக் கயிறு திரிக்கிறான்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஃப்ரான்சுவா லெத்தெரியே. நடிகர் அல்ல, தத்துவம் படித்த மாணவர். தொழில்முறை நடிப்பு பிரெஸ்ஸோனுக்கு ஆகாது. தன் ஆட்களை அவர் 'மாதிரிகள்' என்றே அழைத்தார். திரும்பத் திரும்பச் செய்யவைத்து, முகத்திலிருந்து பாவனை முழுவதையும் உதிர்த்துவிடுவார். இதில் ஒரு குறையும் உண்டு. பின்னணியில் ஃபோந்தேன் கதை சொல்லும் ஒரே சீரான குரல், நாம் கண்ணால் காண்பதையே சில இடங்களில் மறுபடி சொல்கிறது. பழகாத பார்வையாளருக்கு அலுப்புத் தட்டலாம். ஆனால் முகம் எதையும் காட்டாததால் கதவின் கிரீச்சுக்குக்கூட அர்த்தம் வந்துவிடுகிறது.

ஒளிப்பதிவு, மௌனப் படக் காலத்திலிருந்தே கேமரா பிடித்த லெயோன்ஸ் ஆன்ரி புரெலுடையது. இசை மொசார்ட்டின் வழிபாட்டு இசை. அதுவும் எங்கே ஒலிக்கிறது? கைதிகள் கழிவு வாளிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வரிசையாகப் போகும்போது. அந்த இடத்தில் அந்த இசையை வைக்க ஒரு தனி மனம் வேண்டும். 1957 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பிரெஸ்ஸோனுக்குக் கிடைத்தது.

கடைசி இரவு. கூரையில் பரப்பிய சரளைக்கல் காலடியில் நொறுங்குகிறது. ரயில் கடக்கும்போது மட்டுமே அடியெடுத்து வைக்க முடியும். கூட வருபவன் ஜோஸ்த் என்ற சிறுவன். வெளிமதிலை எட்டும்போது இருட்டில் ஏதோ கிறீச்சிடுகிறது, போகிறது, திரும்ப வருகிறது. இருவரும் உறைந்துபோகிறார்கள். எட்டிப் பார்த்தால், ஒரு காவலாள் சைக்கிளில் சுற்றி வருகிறான். எண்ணெய் போடாத சைக்கிள்.

பீரங்கியோ மோப்ப நாயோ தர முடியாத பயத்தை அந்தச் சைக்கிள் தருகிறது. படம் கிடைத்தால் பாருங்கள். அந்த இடம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மதில்மேல் அவர்களோடு நீங்களும் படுத்திருப்பீர்கள்.