கடல் கடந்து மீண்டோரும் நாமும்

(சாத்தாங்காட்டில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் பேச எழுந்தால் பழம்பாட்டுக்குப் பொருள் விரித்துப் பொழுதைப் போக்கிவிடுவார் என்று அஞ்சிப் பின்வரிசையில் சிலர் இப்போதே வாயிற்படியை நோக்குகின்றனர். அவர்கட்கு ஓர் உறுதி கூறுவோம். காப்பியம் ஒன்றைத் தொடாமல் விடமாட்டோம். ஆயினும் தொட்டுவிட்டு விரைவிலே நம் தெருவுக்கு வந்துவிடுவோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாட்டில் பல்லாண்டு வாழ்ந்து, தாய்நாட்டுக்கு மீண்டு, முன்பின் அறியாத நகரத்திலே குடியமரும் குடும்பங்களைப் பற்றியது.

இதனை எடுத்தற்குக் காரணம் உண்டு. இச்சாத்தாங்காட்டிலும், சூழவுள்ள திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதிகளிலும், வளைகுடா நாடுகளினின்று மீண்ட குடும்பங்கள் வாடகைக்கு வந்து அமர்வதை நாம் காண்கின்றோம். அவர்களைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது திரும்பிப் போகப் போகிறீர்கள்?" என்பதே. கேட்பவர் தீய எண்ணத்தால் கேட்பதில்லை. ஆயினும் வேலை போய், மனைவி மக்களோடு வந்திறங்கியவன் செவியில் அச்சொல் எங்ஙனம் விழும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நிலை நம் வடசென்னைக்குப் புதியதன்று. பர்மாவினின்று மீண்டோர் வரலாற்றை அறிந்த முதியோர் இவ்வவையிலேயே சிலர் இருத்தல் கூடும். இளைஞர்கட்காக அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

ஆங்கிலேயர் மூன்று போர்களால் பர்மாவைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றி, 1886ஆம் ஆண்டில் இந்திய அரசோடு இணைத்துக்கொண்டனர். ஐராவதி ஆற்றின் கழிமுகமெங்கும் நெல் விளைவிக்கக் கைகள் வேண்டியிருந்தன. நெல் ஆலைகட்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் கூலிகள் வேண்டியிருந்தனர். உழவர்க்குக் கடன் கொடுப்பாரும் வேண்டியிருந்தனர். தமிழ்நாட்டினின்று மூட்டை தூக்குவோனும் போனான். முதல் போடுவோனும் போனான். 1937ஆம் ஆண்டில் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு பொழிந்தனர். கப்பலில் இடங்கிடையாத இலட்சக்கணக்கானோர் 1942ஆம் ஆண்டில் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் கால்நடையாக இந்தியாவுக்கு நடந்தனர். நடுவழியிலே மாண்டோர் பல்லாயிரவர்.

போர் முடிந்தபின் பலர் மறுபடியும் பர்மாவுக்கே சென்றனர் என்பதைக் கருத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். அவர்கட்கு அதுவே ஊர். 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச் 19இல் ரங்கூனின் கடைகளெல்லாம் சர்க்கார் உடைமையாயின. அதே ஆண்டு மே 17இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. காலையில் கடைக்காரனாய் இருந்தவன் மாலையில் கடையற்றவனானான்; பெட்டியிலிருந்த பணமும் வெறுந்தாளாயிற்று. அவ்வாண்டு முதலாகக் கப்பல் கப்பலாய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர் நம் மக்கள். நகையும் பணமும் மிகச் சொற்பமாகவே கொண்டுவர விடப்பட்டனர்.

அவர்கள் ஏன் தத்தம் ஊருக்குப் போகவில்லை என்று சிலர் கேட்பர். போனார்கள், ஐயா! போய்ப் பார்த்தார்கள். பாட்டன் விட்டுச் சென்ற நிலம் பங்காளிகள் கையில் இருந்தது. மாதந்தோறும் பணம் வந்தவரையில் "ரங்கூன் பெரியப்பா" என்று பெருமையாய்ச் சொன்ன வீட்டார், வெறுங்கையோடு பெரியப்பாவே வந்து திண்ணையில் அமர்ந்தபோது, எத்தனை நாள் தங்குவாரென்று தம்முள் பேசலாயினர். பிறந்தது முதல் பர்மியப் பேச்சையும் மொய்ங்காவையும் அறிந்த பிள்ளைகட்கு, அவ்வூர்க் கிணறும் கோயிலும் கதையில் கேட்டவையன்றிக் கண்ணால் கண்டவையல்ல. அதனாலேதான் பலர் சென்னைக்குத் திரும்பி வந்து, வியாசர்பாடி, எண்ணூர் முதலிய இடங்களில் அமர்ந்தனர். தகர மேலும் ஓலை மேலும் வேய்ந்த குடிசைகளே முதலில் அவர்கட்குக் கிடைத்தவை.

அக்காலத்தில் இவ்வட்டாரம் வளர்ந்துகொண்டிருந்தது என்பதும் அவர்க்கு ஒரு நற்பேறே. எண்ணூரில் 1949ஆம் ஆண்டு முதல் மோட்டார்த் தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு வந்தது. 1969ஆம் ஆண்டில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. சித்தாள் வேலைக்கும் சுமை வேலைக்கும் இடமிருந்தது.

எல்லோரும் இங்கு வேர் பிடித்துவிடவில்லை. சிலர்க்கு இந்த மண் ஒட்டவே இல்லை. அவர்கள் செய்தது வியப்புக்குரியது. வடகிழக்கே 3000 கிலோமீட்டருக்கு மேல் பயணஞ்செய்து மணிப்பூரை அடைந்து, எல்லை கடந்து பர்மாவுக்கே மீளப் புறப்பட்டனர். 1942இல் அகதிகள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குள் நடந்துவந்த வழிகளுள் தாமு வழியும் ஒன்று. அதே வழியில் எதிர்முகமாக நடந்தவர்கள் இவர்கள்! பர்மியக் காவலர் திருப்பிவிட, முன்னும் போகாமல் பின்னும் வராமல், எல்லையிலுள்ள மோரே என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் உள்ளன. 2023ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவ்வூரிலும் வீடுகள் எரிந்தன.

தாய்நாட்டில் கால் வைத்த ஒருவன் அத்துணைத் தொலைவு நடந்து மீண்டும் அயல்நாட்டுக்கு ஓட முயல்வானேயானால், இங்கே அவனுக்குக் கிடைக்காதது யாது? சோறு மட்டுமே என்று சொல்ல எமக்கு மனம் ஒப்பவில்லை. இவ்விடத்திலேதான் யாம் அஞ்சவேண்டாமென்று சொல்லிய காப்பியத்தைத் தொடுகின்றோம்.

கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கி மதுரைக்கு வந்த கதையை அறியாதார் இல்லை. புதிய நகரத்தில் குடியமர வந்த கணவன் மனைவியின் கதையென்று அதனை ஒருமுறை படித்துப் பாருங்கள். கவுந்தியடிகள் அவ்விருவரையும் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். கொடுக்கும்போது அவர் சொல்வது நம் போன்ற சங்கத்தார் பலமுறை கேட்கத்தக்கது. இவன் தந்தை இன்னாரென்று தெரிந்தால், இந்நகரத்திலுள்ள இவன் குலத்து வணிகர், கிடைத்தற்கரிய பொருளைப் பெற்றவர்போல் எதிர்கொண்டு தம் மனையில் வைப்பர். அச்செல்வர் மனை புகும்வரையில் இவள் உன் அடைக்கலம் என்கின்றார். கோவலனும் வணிகரிடம் தன்னிலை உணர்த்தவே எண்ணியிருந்தான்.

குலத்தார்க்குச் செய்தி எட்டியதா? எட்டவில்லை. மாசாத்துவான் மகன் தங்கள் நகரத்தின் புறஞ்சேரியில் வந்திருப்பதை மதுரை வணிகர் அறியுமுன்னரே கதை முடிந்துவிட்டது. கதவு திறந்தவள் வேறு குலத்தவளாகிய மாதரி. அவள் செய்த உபசாரத்தையும் நோக்குங்கள். தனி மனை கொடுத்தாள். புதுக் கலங்களும் அரிசியும் காய்கறியும் பாலும் கொடுத்தாள். வந்தவர் நோன்பு நெறி வேறென்று அறிந்து, கண்ணகி தன் கையாலேயே சமைத்துக்கொள்ள விட்டாள். உதவிக்குத் தன் மகள் ஐயையையும் வைத்தாள். விருந்தினரைத் தம் வழக்கத்துக்கு இழுக்காமல் அவர் வழக்கத்திலேயே விடும் அந்த நாகரிகம் இன்று எத்தனை வீட்டுக்காரரிடம் உண்டு?

ஆயினும் மறுநாள் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குத் தனியே நடந்தான். அவனை அறிந்த மாடலனும் உடனில்லை, மாதரியும் உடனில்லை. தன் சொந்தப் பொருளைத் தன் கையில் வைத்திருந்தவனைக் கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னபோது, "இல்லை, இவன் இன்னான்" என்று சொல்ல ஒரு நா இல்லாமற் போயிற்று. வீடு கிடைத்தது, சோறு கிடைத்தது, கடைத்தெருவில் உடன் நடப்பார் கிடைக்கவில்லை.

இக்கண்கொண்டு பர்மாவினின்று மீண்டோரை நோக்கினால், பிழைத்தவர் பிழைத்தது எங்ஙனம் என்பது புலனாகும். அவர்கள் தனித்தனியே சிதறவில்லை. கொண்டுவந்த சில்லறைப் பொருள்களைக் கடற்கரைச் சாலை ஓரத்தில் விற்கத் தொடங்கியவர்கட்கு, 1969ஆம் ஆண்டில் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் அமைந்தது. வரிசையாய் அமர்ந்த கடைகளில் ஒருவனை மற்றவன் அறிவான். ஒருவன் சரக்குக்கு மற்றவன் சாட்சி. அதே ஆண்டில் தாயகம் திரும்பியோர்க்கென்றே கூட்டுறவு வங்கி ஒன்று தோன்றியது. ரெப்கோ வங்கி என்று நாம் இன்று அழைப்பது அதுவே. ஊரில் நிலமும் இல்லை, பிணை நிற்க மாமன் மைத்துனனும் இல்லை என்பவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? திரும்பி வந்தவன் என்பதையே தகுதியாகக் கொண்டு அவனை உறுப்பினனாக ஏற்ற நிலையம் அது. பின்னர் இலங்கைத் தோட்டங்களினின்று 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வந்தவர்களும் அதில் இடம் பெற்றனர். பிற்காலத்தில் நம் பிள்ளைகள் மாலை வேளையில் அத்தோ தின்னச் செல்லும் வண்டிகளும் அம்மக்கள் இட்ட வித்தே. அவர்கள் சமையலை நாம் ஏற்றுக்கொண்ட விரைவில் அவர்களையும் ஏற்றுக்கொண்டோமா என்பது வேறு விஷயம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். வளைகுடாவினின்று மீள்வதும் இன்று நேற்று நிகழ்வதன்று. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அம்மான் வழியே விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். 2020 மே 7 முதல் கொரோனாக் காலத்து விமானங்கள் மக்களைக் கொண்டுவந்தன. அத்தகைய பெருநிகழ்ச்சிகளின்போது பத்திரிகைகள் எழுதும், அமைச்சர்கள் வரவேற்பர். ஒப்பந்தம் முடிந்து, முதலாளி கைவிட்டு, ஒரு பெட்டியோடு தனியே வருபவனை வரவேற்பார் இல்லை.

அவன் பற்றவைப்புத் தொழிலில் கைதேர்ந்தவனாக இருப்பான். குழாய் பொருத்துவதில் இருபதாண்டுப் பயிற்சி பெற்றிருப்பான். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலும் அத்தொழிலுக்கு இடமுண்டு. ஆனால் வாயிற்காவலனைத் தாண்டி உள்ளே போக, "யார் அனுப்பினார்?" என்ற கேள்விக்கு விடை வேண்டும். நம் சங்கத்து உறுப்பினருள் இவ்விடங்களில் உத்தியோகம் பார்ப்போர் பலர் உளர். ஒருவர் அரைநாள் ஒழித்து உடன் நடந்தால் முடியும் காரியம், அவனுக்கு ஆறு திங்கள் ஆகின்றது. வீட்டு வாடகையும் அப்படியே. உள்ளூரானிடம் மூன்று மாத முன்பணம் வாங்குவோர் வெளிநாட்டான் என்றறிந்தவுடன் பத்து மாதம் கேட்கின்றனர். அவ்வீட்டுக்காரருள் நம் சங்கத்தாரும் உளர் என்பதைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சுக்கே பொருளில்லை.

பிள்ளைகள் விஷயத்தை யாம் நேரில் அறிவோம். ஆண்டு நடுவில் வந்த பிள்ளையைச் சேர்க்க இயலாது, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, வயதுச் சான்று சரியில்லை என்று பெற்றோரைப் பல நாள் அலையவைப்பதுண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு இக்காரணங்களால் சேர்க்கையை மறுத்தல் கூடாதென்று தெளிவாகச் சொல்கின்றது. பெற்றோர் இதனை அறியார். அறிந்த ஒருவர் உடன் சென்று அடக்கமாக எடுத்துரைத்தால் பெரும்பாலும் காரியம் முடிகின்றது.

சேர்ந்த பின்னும் ஒரு தொல்லை உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாய பாடம். அயல்நாட்டுப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் அரபும் படித்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசியும், எட்டாம் வகுப்பில் "ழ"கரத்தை எழுதத் தெரியாமல் விழிக்கின்றது. பிற பாடங்களில் முதல்வனாக வரத்தக்கவன் தமிழ் வகுப்பில் மட்டும் தலைகுனிந்து அமர்வதைக் காணும் தமிழாசிரியர்க்கு அது எத்தகைய துன்பம் என்பதை யாம் சொல்லவேண்டுவதில்லை. உடன் படிக்கும் பிள்ளைகள் சிரிப்பது மற்றொன்று. மூன்று திங்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் உடனிருந்து கற்பித்தால் இக்குறை பெரும்பாலும் நீங்குமென்பது எம் அனுபவம்.

"நம் குலத்தார்க்கு மட்டுமோ, எல்லோர்க்குமோ?" என்று ஒரு பெரியவர் கேட்க எழுவதைக் காண்கின்றோம். ஐயா, கவுந்தியடிகள் எதிர்பார்த்தது குலத்தாரை, வந்தவள் மாதரி. நம் திருவொற்றியூரில் பட்டினத்தடிகள் சமாதிக்கு நாம் விளக்கேற்றுகின்றோம். புகாரில் வணிகராயிருந்து இங்கு வந்தடைந்த அவரை வந்தேறி என்று எவரும் சொல்வதில்லை. நம் சங்கம் நம்மவர்க்காக ஏற்பட்டது என்பதை மறுக்கவில்லை. நம்மவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை முதலில் செய்வோம். ஆனால் படியேறி வருபவனிடம் குலம் கேட்டு நிறுத்திவைக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

யாம் வேண்டுவது மூன்று பேர். துறைமுகப் பக்கமோ இரும்புச் சந்தையிலோ பணியாற்றும் ஒருவர்; குடும்ப அட்டை, ஆதார் முதலிய அலுவலகக் காரியங்கள் அறிந்த ஒருவர்; வாடகை பேசத் தெரிந்த ஒருவர். பள்ளிக்கு உடன் நடக்கும் வேலையை யாமே ஏற்கின்றோம். விருப்பமுள்ளோர் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம்.

சங்கக் கட்டிடத்தின் பின்னறை மாலைப் பொழுதில் பூட்டியே கிடக்கின்றது. வரும் திங்கட்கிழமை முதல் மாலை 6 மணிக்கு, அயல்நாட்டில் படித்துவந்த பிள்ளைகட்குத் தமிழ் எழுத்தும் வாசிப்பும் அங்கே கற்பிப்போம். கட்டணம் இல்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் யாம் கொண்டுவருவோம். விளக்குக்கும் விசிறிக்கும் மின்கட்டணம் யார் கொடுப்பதென்று பொருளாளர் இப்போதே கணக்குப் பார்க்கின்றார். அதனை அவரும் யாமும் கூட்டம் கலைந்தபின் பேசிக்கொள்வோம்.