காசை முன்னாடி வாங்குறவங்க பொறுப்பையும் முன்னாடியே ஏத்துக்கணும்!

(நமது கட்சியின் மகளிர் அணியும் வழக்கறிஞர் அணியும் இணைந்து நடத்திய நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க தெரு வாட்ஸ்அப் குழுவுலயும் பகிருங்க.)



போன மாசம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தாங்க. இட்லிக் கடை வச்சிருக்காங்க. வீட்டுக்காரர் காலமாகி மூணு வருஷம் ஆச்சு. காசியில அவருக்கு ஒரு திதி கொடுக்கணும்னு ஆசை. மூணு வருஷம் சீட்டுக் கட்டி, பதினெட்டாயிரம் ரூபா சேர்த்து, "காசி, கயா, அலகாபாத் 11 நாள் யாத்திரை"ன்னு நோட்டீஸ் அடிச்ச ஒருத்தர்கிட்ட கொடுத்திருக்காங்க. அதே தெருவுல இருந்து இன்னும் முப்பது பேருக்கு மேல பணம் கட்டியிருக்காங்க. புறப்படுறதுக்கு நாலு நாள் முன்னாடி அவரோட போன் சுவிட்ச் ஆஃப். ஆபீஸுக்குப் போனா பூட்டு.

"ரசீது இருக்காம்மா?"ன்னு கேட்டேன். மஞ்சள் கலர் நோட்டீஸை எடுத்து நீட்டினாங்க. அதுல பிள்ளையார் படம் இருக்கு, காசி விஸ்வநாதர் படம் இருக்கு, ரெண்டு செல் நம்பர் இருக்கு. பதிவு எண் இல்லை, முகவரி இல்லை, பில் இல்லை.

அந்த அம்மா என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "ஐயா, நான் நாலு இட்லி வித்தாலும் சாப்பிட்ட பிறகுதானே காசு வாங்குறேன். இவரு மட்டும் எப்படி முன்னாடியே முழுசா வாங்கினாரு?"

சொந்தங்களே, இன்னைக்கு நான் பேச வந்தது இந்தக் கேள்வியைத்தான்.

துணி வாங்கினா தொட்டுப் பார்க்கலாம். அரிசி வாங்கினா கையில அள்ளிப் பார்க்கலாம். பயணத்தை மட்டும் பார்க்காமலே வாங்குறோம். மொத்தப் பணத்தையும் கொடுத்துட்டு, ஒரு மாசம் ரெண்டு மாசம் காத்திருக்கோம். அந்த இடைப்பட்ட காலத்துல நம்ம பணம் யார்கிட்ட இருக்கு, எதுக்குச் செலவாகுதுன்னு நமக்குத் தெரியாது. ஏமாத்துறவனுக்கு இதைவிட வசதியான வியாபாரம் வேற இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? முதல்ல நம்ம கையில இருக்கிற ஆயுதங்களைத் தெரிஞ்சுக்குவோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டப்படி, வாங்கின காசுக்கு பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேர்த்துக் கொடுங்க"ன்னு மிரட்டுறாங்களே, அது அவங்க காட்டுற சலுகையோ தயவோ கிடையாது. பில் நம்ம உரிமை.

அடுத்தது, வழக்கு எங்க போடுறது? பெரிய இணையதளங்களோட நிபந்தனைகளைப் படிச்சுப் பாருங்க. "வழக்கு என்றால் டெல்லியில் மட்டும்" என்கிற மாதிரி ஒரு வரி பொடி எழுத்துல இருக்கும். அதைப் பார்த்து பயந்துடாதீங்க. நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். ஒரே ஆளால பாதிக்கப்பட்ட பல பேர், ஆணையத்தோட அனுமதியோட சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். ஆனா பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும்.

ஆணையம் போட்ட உத்தரவை மதிக்கலைன்னா என்ன ஆகும்? குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ரெண்டையும் சேர்த்தும் விதிக்கலாம்.

இணையத்துல டிக்கெட் போடுற தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நாம கேன்சல் செஞ்சா பணம் பிடிக்கிறாங்களே, அதுக்கும் அதே விதிகள்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு. அவங்க தன்னிச்சையா ரத்து செஞ்சா, அதே மாதிரி கட்டணத்தை அவங்களும் ஏத்துக்கணும். அப்படி ஏத்துக்காத நிறுவனம் நம்மகிட்ட கேன்சல் கட்டணம் பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பது இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, நாலு கை கூட இல்லை. இந்த நிலைமைதான் அவங்களுக்கு வசதி.

அப்புறம் அந்த ஆப்ல நடக்கிற சித்து வேலைகள். "இன்னும் 2 சீட்தான் பாக்கி, 14 பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க"ன்னு அவசரப்படுத்துவான். முதல் பக்கத்துல ஒரு விலை, பணம் கட்டுற பக்கத்துல வேற விலை. நீங்க கேட்காமலே இன்சூரன்ஸ் கூடையில வந்து உக்காந்திருக்கும். அதை வேண்டாம்னு எடுத்தா, "நான் பாதுகாப்பில்லாமல் பயணிக்கிறேன்" என்கிற மாதிரி ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி நம்மளையே கூனிக் குறுக வைப்பான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. 1915-க்கு போன் போடுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இன்னொண்ணு. ஏஜென்ட் மூலமா விமான டிக்கெட் எடுத்து, விமானம் ரத்தானா, "ஏஜென்ட்கிட்ட கேளுங்க"ன்னு விமானக் கம்பெனி சொல்லும். ஏஜென்ட் "கம்பெனிகிட்ட கேளுங்க"ம்பார். நம்மளை பந்து மாதிரி உருட்டுவாங்க. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இதுல தெளிவா இருக்கு. ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனத்தின் பிரதிநிதி, ஆகவே பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

இவ்வளவு சட்டம் இருக்கே, அப்புறம் என்ன குறைன்னு கேட்பீங்க. சொல்றேன்.

கொரோனா ஊரடங்குல ரத்தான விமான டிக்கெட்டுகளை நினைச்சுப் பாருங்க. பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ஆம் தேதியே தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறமும் ஒரு பெரிய பயண இணையதளம், 2024 ஜூன் வரைக்கும் சுமார் 2.5 கோடி ரூபாயை முழுசா திருப்பித் தராம வச்சிருந்தது. அதைக் கொடுக்கச் சொல்லி மத்திய ஆணையம் உத்தரவு போட வேண்டி வந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியே நாலு வருஷம்னா, இட்லிக் கடை அம்மா எத்தனை வருஷம் அலையணும்?

நம்ம சட்டம் ஏமாந்த பிறகு ஓடி வருது. ஏமாறாம இருக்க வாசல்ல ஒரு காவல் வேணும்.

ஒருத்தர் டிராவல் ஏஜென்சி ஆரம்பிக்க, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் கட்டாயமே கிடையாது. விருப்பம் இருந்தா வாங்கிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்யணும், லட்சக்கணக்கில் வங்கி உத்தரவாதம் கொடுக்கணும். ஆனா ஒரு தெருவையே காசிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பணம் வாங்குறவருக்கு ஒரு நோட்டீஸும் ஒரு செல்போனும் போதும். இது என்ன நியாயம்?

ஐரோப்பாவுல 2015-லேயே தொகுப்புச் சுற்றுலாவுக்குன்னு தனி விதி போட்டாங்க. சுற்றுலா நிறுவனம் திவாலானா பயணியின் பணம் திரும்பக் கிடைக்கவும், பாதி வழியில் இருப்பவர் வீடு திரும்பவும் முன்கூட்டியே காப்பு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் தாமஸ் குக் நிறுவனம் ஒரே ராத்திரியில் திவாலானது. அப்போது வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசு விமானம் ஏற்பாடு செய்து வீடு கொண்டுவந்து சேர்த்தது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? கோவாவில் 1982-லேயே பயண முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பஞ்சாப் 2012-ல் உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அங்க முடியும்னா இங்கயும் முடியும்.

நேர்மையா தொழில் செய்ற சின்ன டிராவல்ஸ்காரங்க இந்தக் கூட்டத்துலயும் இருக்கீங்க. உங்களுக்கும் ஒரு வார்த்தை. இது உங்களுக்கு எதிரான பேச்சு கிடையாது. வேன் கடனைக் கட்டி, ராத்திரி பகலா வண்டி ஓட்டி, பாட்டிக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்துக் கூட்டிட்டுப் போற ஆளுங்க நீங்க. ஒருத்தன் ஓடிப்போனா ஊரே உங்களையும் சந்தேகமா பார்க்குது. மேல இருக்கிற பெரிய கம்பெனி கவுந்தா, ஜனங்க வந்து நிக்கிறது உங்க வாசல்லதான். அதனால பதிவுச் சட்டம் வந்தா முதல் லாபம் உங்களுக்கே.

நமது கோரிக்கைகள்:

1. பணம் வாங்கிச் சுற்றுலா, யாத்திரை அழைத்துச் செல்லும் அனைவருக்கும் மாவட்ட அளவில் கட்டாயப் பதிவு. நோட்டீஸிலும் விளம்பரத்திலும் பதிவு எண் இருக்க வேண்டும்.

2. தொழிலின் அளவுக்கு ஏற்ற பிணைத்தொகை. சிறு தொழில் செய்வோருக்குச் சுமை இல்லாதபடி, அவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே காப்பு நிதி வைத்துக்கொள்ள அனுமதி.

3. பயணிகளின் முன்பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். டிக்கெட், தங்குமிடம் உறுதியானதற்கு ஏற்பவே எடுக்க வேண்டும்.

4. நிபந்தனைகள், ரத்து விதிகள் அனைத்தும் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில்.

5. மாவட்ட நுகர்வோர் ஆணையங்களில் காலியிடங்கள் ஏற்பட்டால் உடனுக்குடன் நிரப்ப வேண்டும்.

சட்டம் வரும் வரைக்கும் நாம செய்ய வேண்டியது மூணு. பில் இல்லாம பணம் கொடுக்காதீங்க. ரொக்கமா கொடுக்காம வங்கி வழியா, யு.பி.ஐ. வழியா கொடுங்க. நோட்டீஸ், மெசேஜ், எதையும் அழிக்காதீங்க.

அந்த அம்மா விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அந்தத் தெருவுல ரெண்டு பேர் முன்பணத்தை யு.பி.ஐ.ல அனுப்பியிருந்தாங்க. அந்த ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் மஞ்சள் நோட்டீஸையும் வச்சு, எல்லாரும் சேர்ந்து போலீஸ்லயும் நுகர்வோர் ஆணையத்துலயும் புகார் கொடுத்தாச்சு. நம்ம வழக்கறிஞர் அணி கூட நிக்குது. பணம் இன்னும் வரல. "வரலைன்னா என்ன ஐயா, மறுபடி சீட்டுக் கட்டிக்கறேன்"னு சொல்லிட்டு அவங்க விடியக்காலை அடுப்பு மூட்டப் போயிட்டாங்க.

அவங்க மறுபடி சீட்டுக் கட்டுறதுக்குள்ள இந்தச் சட்டம் வரணும். அதுக்குத்தான் இந்தக் கூட்டம், அதுக்குத்தான் வெளியில மேஜை போட்டிருக்கிற கையெழுத்து இயக்கம். போகும்போது கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.



#பயணிகள்_பணத்துக்குப்_பாதுகாப்பு
#பில்_நம்_உரிமை