ஓலையில் எழுதிய அடிமை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அடிமை முறை ஒழிந்த வரலாற்றைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். அடிமை என்றதும் நம் மனம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடுகிறது. 1865ஆம் ஆண்டில் அந்நாடு தனது அரசியலமைப்பைத் திருத்தி அடிமைத்தனத்தை ஒழித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்வரை நமது யாழ்ப்பாணத்திலேயே மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்தான். சட்டமும் அதற்குத் துணைநின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தேசவழமையைத் தொகுத்தார். முதுசம், சீதனம், அடைவு என்பவற்றை வகுத்த அந்நூலில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. சில சாதியாரை அது பெயர் குறித்தே அடிமைகள் என்றது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளை உடையவனுக்கே உரியது. கன்று பசுவுக்கு உடையவனைச் சேர்வது போல! 1806இல் ஆங்கிலேயரும் இவ்வழமைக்குச் சட்டவலுக் கொடுத்தனர்.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குப்பின் தமது அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராக விட உடையவர் பலர் இசைந்தனர். 1821இல் அரசாங்கம், பிறக்கும் பெண் குழந்தைகளை ஒருசில இறைசால் கொடுத்து மீட்க விதி செய்தது. தாய்வழியே தொடரும் அடிமையைத் தாய்வழியே அறுப்பது அதன் நோக்கம். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்திலிருந்து இலங்கை விலக்கப்பட்டது. ஈற்றில் 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இத்தீவில் அடிமை முறையை அடியோடு நீக்கியது.

நீக்கியது சட்டம், நீங்கியதா வழக்கம்? விடுதலை பெற்றவனுக்கு ஒரு பரப்புக் காணி கொடுத்தாரில்லை. நேற்று எவர் வளவில் அடிமையாய் நின்றானோ, அவர் வளவிலேயே இன்று குடிமை செய்ய நின்றான். பெயர் மாறியது, முதுகு நிமிரவில்லை.

தீவுப்பகுதியாருக்கு நன்னீரின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. சுற்றிலும் உவர்க்கடல்; நடுவே மணல் காத்துத் தரும் மழைநீர். அந்த நீரைத் தன் கையால் அள்ளக் கூடாதென்று, இன்னொருவர் வந்து வார்க்கும்வரை வெறுங்குடத்தோடு ஒரு தாய் காத்துநின்ற வழக்கம் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் இருந்தது. கிணற்றை வெட்டிய கைக்கே துலாக்கொடி தொட உரிமை இல்லையென்றால், 1844ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தாய்க்கு என்ன தந்தது?

இந்த அநீதியை எதிர்த்து எழுந்தவர்களில் இளைஞரும் முன்னின்றனர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராக உறுதி பூண்டது. ஒடுக்கப்பட்ட மக்களும் சங்கம் அமைத்துப் போராடினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அடிமை ஒழிப்புக்கும் அதற்கும் இடையே 113 ஆண்டுகள்! அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கந்தன் வாசலில் அடியார்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, கடையிலோ தன் மதத்து வழிபாட்டிடத்திலோ சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்கிறது.

"இவையெல்லாம் சமய ஆசாரம் அல்லவா?" என்று கேட்போர் உளர். நமது பெரிய புராணத்தையே பாருங்கள். மணப்பந்தலில் நின்ற சுந்தரரை, "நீ என் அடிமை" என்று கிழவேதியராய் வந்து தடுத்தவர் யார்? பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே காட்டி வழக்கு வென்றவர் யார்? சிவபெருமான் அல்லவா! பரம்பரைக்கும் ஆளோலை வைத்திருப்பவன் அவன் ஒருவனே. அவனுடைய ஆளை என்னுடைய ஆள் என்று சொல்ல வேறெவனுக்கு உரிமை உண்டு? ஒருவனைத் தாழ்த்தி வைப்பவன், ஆண்டவன் கையிலுள்ள ஓலையையே கிழிக்கத் துணிகிறான்.

இளைஞர்களே! நம்மூரார் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். அங்கே நிறம் காரணமாக ஒருவர் நம்மை ஒதுக்கினால் நெஞ்சு கொதிக்கிறது, அது நியாயமே. அதே நெஞ்சு, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது குலம் விசாரித்தால், அக்கொதிப்புக்கு என்ன பொருள்?

சங்கம் பெரிய தீர்மானம் எதுவும் செய்யவேண்டாம். அன்னதானப் பந்தியிலே அகப்பையை எவரும் பிடிக்கட்டும். திருவிழாத் தொண்டர் படையிலும், சங்கத்தின் தலைமையிலும் எல்லா வளவுப் பிள்ளைகளுக்கும் இடமிருக்கட்டும். தண்ணீர்ப்பந்தலிலே வார்ப்பவர் யாரென்று பாராமல் வாங்கிக் குடிப்போம். சட்டம் விலங்கை வெட்டியது. கூசாமல் கை கொடுப்பது நமது வேலை.