இயந்திரம் சொல்லும் ஆரூடம்



வியாபாரத்தின் வருங்காலத்தைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்கள். நாம் அதை அடியோடு மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டு நடந்த எம்5 என்னும் முன்கணிப்புப் போட்டியில், வால்மார்ட் கடைகளின் அன்றாட விற்பனையைக் கணிப்பதில் இயந்திரக் கற்றல் முறைகளே முன்னணியில் நின்றன. நேற்றைப்போல் இன்றும் நடக்கும் இடத்தில் அது பயன்படும்.

நிலைமை மாறினால்? அமெரிக்காவில் சில்லோ நிறுவனம் கணினி கணித்த விலையை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்தது. கணிப்புப் பிழைத்தது. அத்தொழிலை மூடுவதாகவும், ஊழியரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் குறைப்பதாகவும் 2021 நவம்பரில் அறிவித்தது. பிழைத்தது கணக்கு, வேலை இழந்தவன் தொழிலாளி!

பிரட்டில் பெயர் பதியும் கிராணிமார்களாகிய நாம் இதை அறிவோம். சென்ற மாதத்துச் செக்ரோல் நாளை காலை மழையைச் சொல்லாது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது.

ஆகவே, கணிப்பைக் காட்டி ஆட்குறைப்புக்கு வரும் எந்த நிர்வாகத்திடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம்: எந்தக் கணக்கை வைத்துச் சொன்னது? முன்பு எத்தனை முறை தவறியது? தவறினால் நட்டம் யாருக்கு? இதற்குப் பதில் சொல்லாத கணிப்பைச் சங்கம் ஏற்காது.