இடையில் நின்ற பாடம்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



சமையலும் உறக்கமும் படிப்பும் ஒரே அறையில் நடைபெறும் வீடுகள் நம்மிடையே பல. கணக்கின் நடுவே தண்ணீர் எடுக்க அழைப்பு வரும். திரும்பி வந்தால் விட்ட இடம் விளங்காது. உடனே, நமக்குப் படிப்பு ஏறாது என்று சோர்ந்துவிடுகிறோம்.

அச்சோர்வு வேண்டுவதில்லை. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட, இருவகைக் கணக்குகளை மாற்றி மாற்றிச் செய்யக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதை 1927-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியலறிஞர் ஆர்தர் ஜெர்சில்டு எடுத்துக்காட்டினார். முன்கூட்டி ஆயத்தமாக அவகாசம் அளித்தாலும் அத்தாமதம் குறையுமேயன்றி முற்றிலும் நீங்காது என 1995-இல் ரோஜர்ஸ், மான்செல் ஆகிய இருவரும் கண்டனர். முன்னைய வேலையின் சாயல் மனத்தில் தங்கிவிடுகிறது. புதிய வேலையின் விதிகளையோ நினைவிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டியுள்ளது. இது மனித மனம் அனைத்திற்கும் பொதுவான இயல்பு. எவருக்கும் பிறப்பால் வந்த குறையன்று.

இதற்கு வழியும் உண்டு. வேலையை விட்டு எழுமுன் கிடைக்கும் சில நொடிகளில் அடுத்துச் செய்ய வேண்டியதை மனத்தில் பதித்து, கண்ணெதிரே ஓர் அடையாளமும் வைத்தால் எளிதில் மீளலாம் என்பது 2002-இல் ஆல்ட்மன், டிராஃப்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின் சாரம்.

ஆகவே மாணவர்களே, அடுத்த படி யாதென ஒரு வரி எழுதிய பின்னரே எழுந்திருங்கள். பெற்றோர்களே, அந்த ஒரு வரிக்காகப் பொறுத்திருங்கள்; ஒவ்வொரு முறையும் பெண்பிள்ளையையே எழுப்பாதீர்கள். நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் இடையூறற்ற படிப்பை நம் பிள்ளைகளுக்கு வழங்குவோம். பொருட்செலவில்லாத இக்கொடையை நம்முள் எந்த வீடும் அளிக்க இயலும்.