அரைத்திங்கள் தகடு

1917ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் அமெரிக்க ஐக்கிய நாடு முதலாம் உலகப் போரிற் புகுந்தபோது, அதன் படைவீரர்க்குப் போதிய கைத்துப்பாக்கிகள் இருக்கவில்லை. 1911இல் ஏற்கப்பெற்ற தானியங்கித் துப்பாக்கியை வேண்டிய விரைவில் ஆக்க இயலவில்லை. கோல்ற், ஸ்மித் அன் வெசன் என்னும் நிறுவனங்கள் சுழல் துப்பாக்கிகளை ஆக்க வல்லனவாயிருந்தன. ஆயின், ஒரே படைக்கு இருவகைத் தோட்டாக்களை அனுப்புதல் இடர் தருவதன்றோ?

இரண்டின் குழலும் 0.45 அங்குலமாயின் தோட்டாவை மாற்றியிடலாமே என நேயர்கள் எண்ணக்கூடும். தடை தோட்டாவின் அடியில் இருந்தது. சுழல் துப்பாக்கித் தோட்டாவின் அடியில் வெளிநீண்ட விளிம்பு உண்டு. தோட்டா அறையினுள் ஆழ்ந்துவிடாது தடுப்பதும், வெற்றுக்கூட்டை வெளியே தள்ள இடங்கொடுப்பதும் அவ்விளிம்பே. தானியங்கியிலோ தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுவன. அங்கே விளிம்பு சிக்கிக்கொள்ளும். ஆதலின் அதன் தோட்டா விளிம்பின்றி அமைந்தது.

இவ்விடரைத் தீர்த்தது மெல்லிய உருக்குத் தகடொன்று. அரைத்திங்கள் வடிவினதாகிய அது, மூன்று தோட்டாக்களை அடியிலுள்ள பள்ளத்திற் பற்றி, இல்லாத விளிம்பின் தொழிலைச் செய்தது. இரு தகடுகள் ஆறு அறைகளையும் நிரப்பின. இவ்வாறு ஏறக்குறைய 3,00,000 சுழல் துப்பாக்கிகள் ஆக்கப்பட்டன.

துப்பாக்கியின் அறையையும் தகட்டையும் தோட்டாவுக்கென்றே அமைத்தமையால் அம்மாற்றம் இயன்றது. அளவு ஒன்றென்பதை மட்டும் நம்பி அயல் தோட்டாவை இடுபவன், தன் கைக்கே கேடு தேடுபவனாவான்.