கல்லுக்கும் கணக்கு உண்டு
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் ஊர்ப் பெயரிலேயே குத்துக்கல் இருக்கிறது. செங்குத்தாக நட்ட கல் என்று பொருள். ஆகவே இன்று கல்லைப் பற்றியே கொஞ்சம் பேசுகிறேன்.

2004 டிசம்பர் சுனாமி, மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துக்கொண்டு போனது. கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. அதில் முருகன் கோயில் பற்றிய செய்தி இருந்தது, கோயிலைத்தான் காணோம். 2005இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது மணலுக்குள் கோயில் கிடைத்தது. கீழே பெரிய செங்கல் கட்டடம், சங்ககாலத்தது என்கிறார்கள். அது சிதைந்த பிறகு அதன் மேலேயே பல்லவர் காலத்தில் கட்டியது இன்னொன்று.

எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. செங்கல்லின் அளவும், வவுச்சரில் உள்ள தேதி முத்திரை மாதிரி, காலத்தைக் காட்டும். கருங்கல்லில் எழுத்து இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். வரி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொடர்ந்தால், கல் தன் இடத்தில் இருக்கிறது. வரி பாதியில் அறுந்தாலோ, எழுத்து தலைகீழாக நின்றாலோ, இடம் மாறி வந்த கல் என்று சந்தேகிக்கலாம்.

பழைய கல்லை எடுத்துக் கட்டுவது தப்பா? தப்பில்லை. கணக்கை விட்டுவிடுவதுதான் தப்பு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த தான விவரங்களைப் புதுச் சுவரில் வெட்டவைத்தார். பழைய கல்லின் படி என்ற குறிப்பும் உண்டு. பழைய லெட்ஜர் பாக்கியைப் புது லெட்ஜரில் ஏற்றுவது போலத்தான்.

1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கற்கள் போயின. அணையால் விவசாயத்துக்கு நன்மைதான். ஆனால் அப்படிப் போகும் கல்லில் எழுத்து இருந்தால், அதுவும் சேர்ந்தே போய்விடும்.

நம் பக்கத்திலும் பழைய கோயில், மண்டபம் நிறைய. திருப்பணியின்போதோ, பழைய வீட்டை இடிக்கும்போதோ, வாசற்படியாக, துவைகல்லாகக் கிடக்கும் கல்லில் எழுத்தைப் பார்த்தால் சுரண்டாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். உடைத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்லில் எழுதிவைத்தார். அந்த வணக்கம் நமக்கும் சேர்த்துத்தான்.